வீடு தேடி வரும் மருத்துவச் சேவை யாருக்கு முதலில்? நெல்லைச் சீமையில் களத்துக்குப் புதிதாக வருவோருக்கு

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நான்கு சேவைகள் வீட்டுக்கே வருகின்றன. ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாதாந்திர மாத்திரை, படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் செவிலியரின் வருகை, பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சை, சிறுநீரகம் செயலிழந்து வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகள் ஆகியவையே அவை. மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் அப்படி இல்லை, வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்குதான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு செவிலியர் மாதம் 22 நாள் களத்துக்குப் போகிறார், நாளைக்கு 5 வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 110 வருகை. வாரம் ஒருமுறை பார்க்கவேண்டியவர் 12 பேர் என்றால் அவர்களுக்கே 48 வருகை போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 18 பேர் என்றால் 36. மிச்சம் 26 வருகையில் 26 பேரை மாதம் ஒருமுறை பார்க்கலாம். மொத்தம் 56 பேர். ராதாபுரம் வட்டாரம் போலக் கடற்கரை ஊர்களும் தேரிக்காட்டு ஊர்களும் சிதறிக் கிடக்கும் இடத்தில் நாளைக்கு 5 வீடே பெரும்பாடு. வாரம் ஒருமுறை தேவைப்படாத ஒருவரை அந்த வரிசையில் வைத்தால், மாதம் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய நான்கு பேரின் கதவை நாமே அடைத்ததாகும். அதனால் பட்டியலில் யார், எந்த வரிசையில் என்று முடிவெடுப்பதும் சிகிச்சையைச் சேர்ந்த வேலைதான். அதை எழுத்தர் வேலையாக நினைத்து அவசரமாக முடிக்காதீர்கள்.

அந்த முடிவை இரண்டே கேள்விகளை வைத்து எடுங்கள். இந்த மனிதரால் தன்னந்தனியாக எதைச் செய்துகொள்ள முடியவில்லை? அதைச் செய்துகொடுக்க அந்த வீட்டில் யார், எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள்? நோயின் பெயர், வயது, வீட்டின் வசதி எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

என்ன தரமுடியும் என்பதை முதலில் தெளிவாக்குங்கள்

முதல் நாள் வாசலிலேயே சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. செவிலியர் வந்து புண்ணுக்கு மருந்து கட்டுவார், யூரின் டியூபும் மூக்கு டியூபும் மாற்றுவார், வலிக்கு மருத்துவர் எழுதிய மருந்து சரியாகப் போகிறதா என்று பார்ப்பார், வீட்டாருக்குப் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுப்பார். சமைத்துப் போடுவது, தினமும் குளிப்பாட்டுவது, ராத்திரி துணைக்கு இருப்பது இந்தச் சேவையில் கிடையாது. இதைச் சொல்லத் தயங்கினால், ‘கவர்மெண்டுல இருந்து ஆள் வருது’ என்று நம்பி வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஆளை நிறுத்திவிடுவார்கள். அதன்பின் நோயாளியின் நிலை முன்னைவிட மோசமாகிவிடும்.

வருமானச் சான்றிதழ் இந்தச் சேவைக்குத் தேவையில்லை. காப்பீட்டுத் திட்டத்துக்குக் கேட்கிற தாள்களை இதற்கும் கேட்டு மக்களைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடாதீர்கள்.

பெயர்களை எங்கே தேடுவது

ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பதிவேட்டில் தொடங்குங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அதில் இருப்பவர்கள் ஒருமுறையாவது நடந்து வந்து பதிவானவர்கள். நமக்கு மிகவும் வேண்டியவர் அந்தப் படியை ஏற முடியாமல் வீட்டில் கிடப்பவர்.

அவரைக் கண்டுபிடிக்க ஊரில் பல வழிகள் இருக்கின்றன. ரேஷன் கடைக்காரருக்கு யார் கைரேகை வைக்க வரமுடியாமல் வேறு ஆளை நியமித்திருக்கிறார்கள் என்று தெரியும். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது தாண்டியவர்களுக்கும் 40 சதவீதம் ஊனமுள்ளவர்களுக்கும் வீட்டிலேயே வாக்களிக்க வாய்ப்புத் தந்தார்கள். அந்த வீடுகள் வாக்குச்சாவடி அலுவலருக்கு நினைவிருக்கும். முதியோர் உதவித்தொகையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு வாசலுக்குக்கூட வராதவர் யார் என்று தெரியும். உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை போன்ற ஊர்களில் கோயிலுக்கு வரமுடியாத நோயாளிகளுக்கு வீட்டிலேயே நற்கருணை கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் உண்டு. பங்குத்தந்தையிடம் அந்த வீடுகளைக் கேளுங்கள். மேலப்பாளையத்தில் ஜமாஅத் பெரியவர்களைக் கேளுங்கள். மற்ற ஊர்களில் கோயில் கொடை விழாவை வைத்துக் கேட்கும் கேள்வி ஒன்று நல்ல பலன் தரும்: ‘இந்த வருசம் கொடைக்கு வெளிய தலையே காட்டாதவங்க யாரு?’ கொடை நாளில் வில்லுப்பாட்டுக்கும் வராமல் வீட்டுக்குள்ளேயே இருந்தவர் பெயர் உடனே வரும்.

பீடி இலையும் தூளும் வாங்க வரும் பெண்களிடம் பேசுவது பாப்பாக்குடி, முக்கூடல் பக்கம் பதிவேட்டைவிட நல்ல ஆதாரம். எந்த வீட்டில் யார் விழுந்தார், எந்த மருமகள் இப்போது பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டாள் என்ற விவரம் அங்கே நாளது தேதி வரை இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: பெயரைக் கேட்டு வாங்குங்கள், நோயைப் பற்றிப் பேசாதீர்கள். சிலருக்குத் தமக்குப் புற்றுநோய் என்பதே தெரியாது. காசநோயோ எச்ஐவியோ இருப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் அந்தக் குடும்பம் அடுத்த முறை கதவைத் திறக்காது. வண்டியைக்கூட வாசலிலேயே நிறுத்தவேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதை மதியுங்கள்.

பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் தனி வரிசை. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, கால் விரல் எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் ஆன இரண்டு மூன்று நாளுக்குள் ஒருமுறை பார்த்துவிடவேண்டும். மாத்திரைக் குழப்பமும் படுக்கைப்புண்ணின் தொடக்கமும் அந்த நாட்களில்தான்.

முதல் வருகை

முதல் வருகைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பீபி கருவி, குளுக்கோமீட்டரும் பட்டைகளும், தெர்மாமீட்டர், ஆக்சிஜன் அளவு பார்க்கும் விரல் கருவி, இஞ்சு டேப், டார்ச், கையுறை, நோட்டு இவை பையில் இருக்கட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைக் கட்டினால் பீபி குறைவாகக் காட்டும், பருத்த கைக்குச் சிறிய பட்டை கூடுதலாகக் காட்டும்.

நேரம் முக்கியம். நூறு நாள் வேலைக்கும் வாழைத் தோட்டத்துக்கும் போகிற வீட்டில் பகலில் போனால் நோயாளி மட்டும் இருப்பார். அதையும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் தனிமையின் நீளம் அப்போதுதான் தெரியும். ஆனால் பார்த்துக்கொள்கிறவரிடம் பேச மாலையில் இன்னொரு முறை போகவேண்டும்.

கேட்டு எழுதாதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள். நம் ஊர் ஆச்சிகளிடம் ‘எப்படி இருக்கிய?’ என்று கேட்டால் ‘ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன், எல்லாம் நானே பாத்துக்கிடுதேன்’ என்றுதான் பதில் வரும். பிள்ளைகளைக் குறை சொன்னதாகிவிடக் கூடாதே என்ற எண்ணம் அந்தப் பதிலில் இருக்கிறது. அதனால் ‘ஆச்சி, கக்கூஸ் எங்க இருக்கு? கொஞ்சம் நடந்து காட்டுங்க’ என்று கேளுங்கள். கட்டிலிலிருந்து எழுவது, நிலைப்படியைத் தாண்டுவது, புறவாசலில் இறங்குவது, குத்தவைத்து எழுவது எல்லாவற்றையும் பின்னாலேயே போய்ப் பாருங்கள், விழுந்தால் பிடிக்கும் தூரத்தில். பழைய வீடுகளில் நிலைப்படி உயரம், கழிப்பறை கொல்லையில். ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்து, சுவரைத் தடவி, மூச்சு வாங்கி அவர் போய்வருவதைப் பார்த்தால், ‘நடக்கிறார்’ என்று ஒற்றை வார்த்தையில் எழுத மனம் வராது.

எழுந்து நடந்து திரும்பும் சோதனை எளிது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உள்ளவர். படுத்த நிலையில் 5 நிமிடம் கழித்து ஒரு பீபி, எழுந்து நின்றதும் 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மாத்திரையின் அளவை மருத்துவர் மறுபடி பார்க்கவேண்டும். தலைசுற்றி விழுகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

படுத்திருப்பவரைப் புரட்டிப் பார்க்காமல் வெளியே வராதீர்கள். புட்டத்துக்கு மேல் முதுகுத்தண்டு முடியும் இடம், இரண்டு இடுப்பு, குதிகால், முழங்கை, பின்தலை. பாடப்புத்தகம் ‘சிவந்த தோல்’ என்று சொல்லும். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொளகொளப்பாகவோ இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அன்றைக்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டக் கற்றுக்கொடுங்கள்.

மதிப்பெண்ணும் அதில் வரும் பிழைகளும்

எல்லாரையும் ஒரே அளவில் பார்க்க 1965-இல் வெளியான பார்தெல் அளவுகோல் போதும். பத்து வேலைகள், மொத்தம் 100. சாப்பிடுவது 10, குளிப்பது 5, முகம் கழுவித் தலைவாருவது 5, உடுத்துவது 10, மலம் அடக்குவது 10, சிறுநீர் அடக்குவது 10, கழிப்பறையைப் பயன்படுத்துவது 10, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது 15, சமதரையில் சுமார் 45 மீட்டர் நடப்பது 15, படி ஏறுவது 10. ஒவ்வொன்றிலும் 5, 5 ஆகக் குறைத்துப் போடவேண்டும். குளிப்பதற்கும் முகம் கழுவுவதற்கும் மட்டும் 5 அல்லது பூஜ்யம்தான். பொதுவாக 20 வரை இருந்தால் முழுவதும் பிறரைச் சார்ந்தவர், 21 முதல் 60 வரை பெரும்பாலும் சார்ந்தவர், 61 முதல் 90 வரை ஓரளவு சார்ந்தவர் என்று கொள்வார்கள்.

புதிதாக வருவோர் செய்யும் பெரிய பிழை, ‘முடியும்’ என்பதற்கு மதிப்பெண் போடுவது. நேற்றும் முந்தாநாளும் அவர் என்ன செய்தார் என்பதற்குத்தான் மதிப்பெண். ‘உடுத்திக்கிட முடியும், ஆனா மருமக உடுத்திவிடுதா’ என்றால் முழு 10 கிடையாது. கைத்தடியோ வாக்கரோ பிடித்துத் தானாக நடந்தால் முழு மதிப்பெண் உண்டு. பக்கத்தில் ஆள் நின்றால்தான் நடப்பார் என்றால் குறைக்கவேண்டும். மாடியில்லாத வீட்டில் ‘படி’ என்ற இடத்தை வெற்றாக விடாதீர்கள். திண்ணைப் படியையும் வாய்க்கால் படித்துறையையும் கணக்கில் எடுங்கள். ‘குளிப்பது’ என்றால் அடிபம்பிலோ குழாயிலோ தண்ணீர் பிடித்து, வாளியைத் தூக்கி, ஊற்றி முடிப்பது வரை.

இந்த எண் காட்டாத மூன்று வகை நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களை மதிப்பெண்ணால் மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது.

வலியில் இருக்கும் புற்றுநோயாளி 90 எடுப்பார். ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கமாட்டார். வலியைத் தனியாக, 0 முதல் 10 வரை கேட்டு எழுதுங்கள். 7-க்கு மேல் என்றால் மதிப்பெண்ணைப் பாராமல் முதல் வரிசை.

மறதி நோய் உள்ளவர் 85, 90 எடுப்பார். நடப்பதில் குறையே இருக்காது, அதுதான் ஆபத்து. அடுப்பைப் பற்றவைத்து மறந்துவிடுவார், வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போய்விடுவார். மூன்று வார்த்தை சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, பிறகு அந்த வார்த்தைகளைத் திருப்பிக் கேட்கும் சிறு சோதனை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கடிகாரத்தை வற்புறுத்தாதீர்கள். பேரன் பேத்தி பெயர், நேற்றுச் சாப்பிட்டது, மாத்திரை எப்போது என்று கேட்டு, வீட்டார் சொல்வதோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, மனம் ஒடிந்தவர். எல்லாம் செய்ய முடியும், எதுவும் செய்வதில்லை. துணை இறந்த ஆறேழு மாதத்தில் இப்படி ஆகிறவர்கள் நிறைய. இவருக்குச் செவிலியரைவிட மருத்துவரும் பேச்சுத் துணையும் முக்கியம்.

இன்னொரு பக்கம், வீட்டுச் சேவைக்கே உரியவரல்லாத சிலரும் இருப்பார்கள். வாய் கோணி, ஒரு கை சோர்ந்து, பேச்சுக் குழறினால் அங்கே படிவம் நிரப்பாதீர்கள். 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதில் மருத்துவமனைப் பயணமும் ஸ்கேனும் அடங்கவேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழ், கால் புண்ணோடு காய்ச்சல், படுக்கவிடாத மூச்சிரைப்பு இவையும் அப்படியே. ‘வீட்டிலேயே பார்த்துக்கிடுவோம்’ என்று குடும்பம் சொல்வதைக் கேட்டு இவர்களைப் பட்டியலில் சேர்ப்பது பெரும் தீங்கு.

வீட்டில் யார் இருக்கிறார்கள்

முதல் கேள்விக்குப் பார்தெல் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அளவுகோல் எதுவும் உங்கள் காதுக்கு ஈடாகாது. நோயாளி இல்லாத இடத்தில், அடுப்படியிலோ கொல்லையிலோ, பார்த்துக்கொள்கிறவரிடம் தனியாகப் பேசுங்கள். ‘ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிய?’ ‘கடைசியா எப்ப டாக்டர்ட்ட உங்களுக்குன்னு போனிய?’ ‘உங்களுக்கு உடம்பு சரியில்லாட்டி யாரு பாப்பாங்க?’ இந்த மூன்றுக்கும் வரும் பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ராத்திரி மூன்று தடவைக்கு மேல் எழுகிறவர், தன் மாத்திரையை நிறுத்தியவர், மூன்றாவது கேள்விக்கு அழுதவர் என்றால் அந்த வீட்டை ஒரு படி மேலே வையுங்கள்.

பகலில் நோயாளி எத்தனை மணி நேரம் தனியாக இருக்கிறார் என்பதைக் கடிகாரக் கணக்கில் கேளுங்கள். ‘பக்கத்துல ஆள் இருக்கு’ என்ற பதிலை ஏற்காதீர்கள். யார், எத்தனை மணிக்கு வருவார், சாவி யாரிடம் என்று கேளுங்கள். கையெட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறைக்குப் போக ஆளில்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும்.

மகன் வளைகுடாவில் இருக்கிறான், மாடி வீடு, அதனால் இவர்களுக்கு எதற்கு என்ற பேச்சு ஊரில் எப்போதும் வரும். வள்ளியூர், பணகுடி, திசையன்விளைப் பக்கம் பூட்டிய பெரிய வீடுகளில் 80 வயதுக் கணவனும் 76 வயது மனைவியும் மட்டும் இருக்கும் நிலை சாதாரணம். பணம் மாதாமாதம் வரும். டியூப் மாற்ற அந்த ஊரில் விலைக்கு ஆள் கிடையாது. மாடி வீட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்புவது அநியாயம்.

மூன்று வீடுகளை வைத்துப் பார்ப்போம்

களக்காட்டில் 84 வயது ஆச்சி. மகள் குடும்பத்தோடு இருக்கிறார். கைத்தடி பிடித்து நடக்கிறார், சிறுநீர் எப்போதாவது கசிகிறது, படி ஏறக் கைகொடுக்க வேண்டும். மதிப்பெண் 90. பீபி மாத்திரை வீட்டுக்கு வரட்டும். 45 வயது தாண்டியவர்களுக்கு மாதாந்திர மாத்திரை வீட்டிலேயே தரப்படுகிறது. செவிலியர் வருகை தேவையில்லை. வயதைப் பார்த்து இவரை முதலில் வைக்கவேண்டும் என்று தோன்றும், வைக்காதீர்கள்.

திசையன்விளை அருகே 41 வயதுப் பனையேறி. மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தானே சாப்பிடுவார் 10, முகம் கழுவுவார் 5, சட்டை மட்டும் போடுவார் 5, இரண்டு பேர் தூக்கினால் நாற்காலியில் உட்காருவார் 5. மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் 25. மனைவி பகலில் வேலைக்குப் போகிறார். 45 வயது ஆகவில்லை என்று யாராவது சொன்னால், நடமாட முடியாதவர்களுக்கு அந்த வரம்பு தடையில்லை என்பதைச் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை போய், புண் வராமல் காப்பதையும் யூரின் டியூபைப் பார்த்துக்கொள்வதையும் அவருக்கும் மனைவிக்கும் கற்றுக்கொடுத்தபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைக்கலாம். சாதாரண ரப்பர் டியூபை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்றவேண்டும், சிலிகான் டியூப் 12 வாரம் வரை தாங்கும். எந்த டியூப் போட்டிருக்கிறது என்பதையும் போட்ட தேதியையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வருகையின் இடைவெளியே இதை வைத்துத்தான் முடிவாகும். தண்டுவடம் அடிபட்டவர்களின் மறுவாழ்வுக்குத் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணனும் தண்டுவடம் அடிபட்டவரே. படுக்கையோடு முடிந்தது என்று குடும்பம் நினைத்திருக்கும்போது இந்தத் தகவலே பெரிய மருந்து.

முக்கூடலில் பக்கவாதம் வந்த 72 வயது கணவர், மதிப்பெண் 40. பார்த்துக்கொள்வது 66 வயது மனைவி, பீடி சுற்றுகிறார், மதிப்பெண் 100. படிவத்தில் அவர் ‘துணை’ என்ற கட்டத்தில் மட்டும் வருவார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, கணவரை விட்டுப் போகமுடியாததால் பல மாதமாகச் சோதிக்கவில்லை, காலில் உணர்வு குறைந்து பெருவிரல் அடியில் வலிக்காத புண் இருக்கிறது. இந்த வீட்டுக்கு இரண்டு கோப்பு போடுங்கள். கணவருக்கு இயன்முறை சிகிச்சை, மனைவிக்கு அதே நாளில் சர்க்கரைச் சோதனை, புண்ணுக்குக் கட்டு, வீட்டிலேயே மாத்திரை. அந்த அம்மா விழுந்தால் நாளை இந்த வீட்டில் படுக்கை இரண்டாகும். இந்த மூன்றில் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று கேட்டால், எங்கள் பதில் பனையேறியின் வீடு, அதே வாரத்தில் முக்கூடல்.

முடிவை எழுதுவதும் சொல்வதும்

முடிவை ஒருவராக எடுக்காதீர்கள். வீட்டைப் பார்த்தவரும், பார்க்காத இன்னொருவரும் சேர்ந்து எடுக்கட்டும். கிராம சுகாதார செவிலியரோ மருத்துவ அலுவலரோ அந்த இரண்டாமவராக இருக்கலாம். காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள்: ‘பார்தெல் 35, பகலில் 7 மணி நேரம் தனிமை, இடுப்பில் புண். வாரம் ஒருமுறை.’ சிபாரிசு வரும்போது இந்த இரண்டு வரிதான் உங்களுக்குக் காவல். வார்டு உறுப்பினர் ஒரு பெயரைச் சொன்னால் கோபப்படாதீர்கள், அதுவும் ஒரு தகவல். போய்ப் பார்த்து, மற்றவர்களுக்குப் போட்ட அதே மதிப்பெண்ணைப் போடுங்கள். வரிசையில் எங்கே வருகிறதோ அங்கே வையுங்கள்.

மேல்சாதித் தெரு, கீழத்தெரு என்று பிரிந்து கிடக்கும் ஊர்களில் பட்டியலைத் தெருவாரியாக ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு தெருவிலிருந்து ஒரு பெயரும் இல்லை என்றால் அங்கே யாருக்கும் நோயில்லை என்று அர்த்தமில்லை, நாம் போகவில்லை என்று அர்த்தம். பாபநாசத்துக்கு மேலே காணி மக்களின் குடியிருப்புகளுக்கு வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டிப் போகவேண்டும். அங்கே இடைவெளி மதிப்பெண்ணால் முடிவாகாது, பாதையால் முடிவாகும். அதனால் மாத்திரையைக் கூடுதல் நாட்களுக்குக் கொடுக்க மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

‘இப்போதைக்கு இல்லை’ என்று சொல்லவேண்டிய வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், என்ன மாறினால் திரும்ப அழைக்கவேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: ஒருமுறை விழுந்தால், புண் வந்தால், பார்த்துக்கொள்கிறவர் படுத்தால். வெறுங்கையோடு திரும்பாதீர்கள். வருமானம் இல்லாத 60 வயதானவருக்கு மாதம் ₹1,200 முதியோர் உதவித்தொகைக்கும், 75 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவருக்கு மாதம் ₹2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுத உதவுங்கள். பிள்ளைகள் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்ட வீடு என்றால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. திருநெல்வேலியிலும் சேரன்மகாதேவியிலும் அந்த அலுவலகங்கள் இருக்கின்றன. முதியோர் உதவி எண் 14567, மருத்துவ ஆலோசனைக்கு 104. இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.

திரும்பப் பார்ப்பது

வாரம் ஒருமுறை பார்ப்பவருக்கு மாதம் ஒருமுறையும், மற்றவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் மதிப்பெண் திரும்பப் போடுங்கள். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாகத் தேறுவார்கள். 40 எடுத்தவர் 75-க்கு வந்திருப்பார், கோப்பு மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். தேறியவரின் வருகையைக் குறைக்கும்போது ‘உங்களுக்கு நல்லாயிட்டு, அதனால இனி மாசம் ஒருக்கா வாரேன்’ என்று சொல்லிக் குறையுங்கள். சொல்லாமல் நின்றால் கைவிட்டதாக நினைப்பார்கள்.

நோயாளி இறந்தால் கோப்பை மூடுவதற்கு முன் ஒருமுறை போகவேண்டும். மிச்சமிருக்கும் ‘மார்ஃபின்’ என்ற வலி மாத்திரைகளை எண்ணித் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி, காற்று மெத்தையையும் வாக்கரையும் அடுத்தவருக்காக வாங்கிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தவரின் பீபியையும் சர்க்கரையையும் அன்றைக்கே பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை, ஐப்பசி மழைக்கு முன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது, நடக்க முடியாதவர்கள் இருந்த வீடுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலையானது. அந்தப் பட்டியல் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அக்டோபர் முதல் வாரத்தில் பார்தெல் 60-க்குக் கீழ் உள்ளவர்களின் பெயர், தெரு, வீட்டு அடையாளம், தூக்க எத்தனை பேர் வேண்டும், டியூபோ ஆக்சிஜனோ இருக்கிறதா, டயாலிசிஸ் பை எத்தனை நாளுக்கு இருப்பு என்று ஒரே தாளில் எழுதுங்கள். நோயின் பெயர் அதில் வேண்டாம். குடும்பத்தின் சம்மதம் வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பிரதி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பிரதி, உங்கள் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பிரதி.